காரையிலிருந்து சாத்தனூர் வரை ஒரு நடை

வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கிராமத்து 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நேரே அந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும். நன்செய், புன்செய், நத்தம், ஏரி, ஓடை, பாறை, கல்லாங்குத்து. எதற்கும் உதவாமல் கிடப்பதைத் தரிசு என்பார்கள். அதிலும் இரண்டு உண்டு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. முன்னது என்றைக்காவது யாராவது உழுவார்கள் என்ற நம்பிக்கையில் அரசு வரி நிர்ணயித்து வைத்திருப்பது. பின்னதில் அந்த நம்பிக்கையும் கிடையாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தச் சொற்களோடு குப்பை கொட்டியவன் என்பதால், ஒரு நிலத்தைப் பார்த்தால் முதலில் அதை எந்தக் கலத்தில் எழுதுவோம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே கிடக்கிற நிலத்தை நம் பக்கத்துக்காரர்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். புல் பூண்டு அதிகம் முளைக்காத களிமண் மேடுகள். நடுநடுவே ஆள் இறங்கினால் தலை தெரியாத பள்ளங்கள். மஞ்சள், சாம்பல், செம்பு நிறங்களில் மண் வரிவரியாக இருக்கும். வெள்ளாடு மேய்ப்பவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் இறங்குவதில்லை. எங்கள் பதிவேட்டுக் கணக்கில் இதைவிடப் பொருத்தமான தரிசு கிடையாது. ஆனால் 'காரை' என்ற இந்தச் சின்ன ஊரின் பெயர், உலகத்து நிலவியலாளர்களின் புத்தகங்களில் ஒரு பாறைத் தொகுதியின் பெயராக நிற்கிறது. பெரம்பலூரைக் கேள்விப்படாத வெளிநாட்டுக்காரர் காரையைக் கேள்விப்பட்டிருப்பார்.

இதை எனக்குச் சொன்னவன் என் அக்கா மகன். நிலவியல் படித்துவிட்டு அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். "மாமா, ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க, ஒரு நாள் நடந்தே பார்த்துடுவோம்" என்றான். தை பிறந்து பனி இறங்கும் நாளில், ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் அந்தச் சாலையில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது.

நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் பச்சைமலை நீலமாகத் தெரிந்தது. அவன் சாலையோரம் நிறுத்தி ஒரு விஷயம் சொன்னான். மேற்கே இருக்கிற கடினப் பாறைகளுக்கு வயது நூறு கோடிகளில் கணக்கு. அந்தப் பாறையின் கிழக்கு விளிம்பில்தான் பழைய கடல் வந்து மோதியது. கடல் விட்டுப்போன படிவுகள் கிழக்கு நோக்கி லேசாகச் சரிந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவன் பழைய காலத்திலிருந்து புதிய காலத்தை நோக்கி நடக்கிறான். அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி, அதன்மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி, அதற்கும் மேல் அரியலூர்த் தொகுதி. மூன்றும் நம் ஊர்ப் பெயர்கள்தாம். ஊட்டத்தூரை நாம் சுத்தரத்தினேஸ்வரர் கோயிலுக்கும் அங்குள்ள நடராசருக்கும் அறிவோம். நிலவியலாளர்கள் கடல் இங்கே முதலில் நுழைந்த காலத்துக்கு அந்த ஊர்ப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களை இட்டவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. ஆனால் கதை அவருக்கும் முன்னால் தொடங்குகிறது. 1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு சிவில் அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். சுண்ணத்திட்டுக் காலம் என்று ஐரோப்பாவில் சொல்லும் கிரெட்டேசியக் காலத்து உயிர்கள் இவை என்பது அப்போது உறுதியாயிற்று. அதாவது கலெக்டர் ஆபீஸ் வேலையோடு வேலையாகக் கல் பொறுக்கியவர்களால்தான் இது வெளியே வந்தது. நம் துறை ஆட்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதன் பிறகு 1850-களின் பிற்பகுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிலிருந்து பிளான்ஃபோர்டு வந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்காது. திருச்சிராப்பள்ளி, தென்னாற்காடு மாவட்டங்களின் இந்தப் பகுதி முழுவதையும் அளந்து, பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, 1862-இல் வெளியிட்டார். இன்றைக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டுதான் மேலே கட்டுகிறார்கள். நூற்றறுபது ஆண்டுகளாக அழியாமல் நிற்கிற சர்வே என்றால், சர்வே வேலை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். இதே பிளான்ஃபோர்டுதான் பின்னால் 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைந்தபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்று கணித்தவரும் அவரே. ஐப்பசி மழை எப்படி இந்த மண்ணை அறுக்கிறது என்று பார்த்த மனிதர் பிற்காலத்தில் மழைக்கே கணக்கு எழுதப் போனார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அவர் எடுத்த புதைபடிவங்களை விவரிக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்கா. மொராவியாவில் பிறந்தவர், 1862-இல் இந்தியாவுக்கு வந்தார். தென்னிந்தியச் சிப்பி, நத்தை, அம்மோனைட் வகைகளைப் பற்றி அவர் எழுதியவை பெரிய பெரிய தொகுதிகள். கல்கத்தாவில் உட்கார்ந்து நம் ஊட்டத்தூர், அரியலூர் சிப்பிகளை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து, பெயர் வைத்து முடித்த கையோடு, யார்க்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு சென்றார். திரும்பி வரும்போது 1874-இல் லடாக்கில் உயர்மலை நோயால் இறந்துவிட்டார். வயது முப்பத்தாறு. லே நகரில் அவருக்குக் கல்லறை நினைவுச்சின்னம் இருக்கிறது. நம் பக்கம் அவர் பெயரில் ஒரு தெருப்பலகையும் கிடையாது.

காரைப் பள்ளத்துக்குள் நாங்கள் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மேலே நின்று பார்ப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் நிறைய வித்தியாசம். மேலே வெறும் பொட்டல். உள்ளே போனால் ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்து பிரிகிறது, இருபுறமும் களிமண் சுவர், எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது. மழை இல்லாத காலத்தில் இந்தக் களி வெடித்துப் பொரிந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்கள் கொட்டுகிற மழையில் ஊறி வீங்கி, கரைந்து, ஓடையோடு போய்விடும். வேர் பிடித்து நிறுத்தச் செடி இல்லை. செடி முளைக்க மண் ஒரு ஆண்டு நிற்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் ஆழமாகிறது. இந்தப் பக்கத்து ஓடைகள் சேர்கிற மருதையாற்றை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 1956 நவம்பரில் அதில் வந்த வெள்ளத்தில் அரியலூர் அருகே பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும், லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் இன்னும் பேச்சில் இருக்கின்றன.

களியின் வெடிப்புகளில் கண்ணாடித் தகடுபோல ஏதோ மின்னிக்கொண்டிருந்தது. ஜிப்சம். கையில் எடுத்தால் நகத்தால் கீறலாம். சில இடங்களில் ஒரு விரல் தடிமனில் நார்நாராகச் சுவர் நெடுக ஓடுகிறது. தரையில் பேனா முனை அளவிலும் சுண்டுவிரல் அளவிலும் கூரான கற்கள் கிடந்தன, பழுப்பு நிறம், துப்பாக்கித் தோட்டா மாதிரி. பெலம்னைட் என்றான் மருமகன். கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடல் உயிரின் உடலுக்குள் இருந்த கூர்ப்பகுதி அது. உயிர் போய்ச் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளாகிறது, கூர் மட்டும் மழுங்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நத்தக்கல்லு பொறுக்கவா சார் வந்தீங்க? இப்ப இருக்காது. மழ பேஞ்ச மறுநாளு வரணும். கார் போட்டுக்கிட்டு வந்து பையில அள்ளிக்கிட்டுப் போறாங்க."

"நீங்க எடுக்கறதில்லையா அம்மா?"

"எனக்கெதுக்கு சார்? பொங்க முடியுமா, வதக்க முடியுமா?"

அவர் நத்தைக்கல் என்றது அம்மோனைட்டை. ஆட்டுக்கடாக் கொம்பு சுருண்ட மாதிரி இருக்கும் ஓடு. எகிப்தியரின் கடாக்கொம்புத் தெய்வமான அம்மோன் பெயரால் மேல்நாட்டார் அப்படி அழைத்தார்கள். நம் வீட்டுப் பூசையறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் இதே இனம்தான். அது நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது, இதைவிடப் பழையது. பூசை செய்யும் கல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு நம் தரிசில் காலடியில் கிடக்கிறது என்று சொன்னபோது அந்த அம்மாள் சிரித்தார். பிறகு, "அப்ப மிதிக்கப்படாதோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

அவர் சொன்னதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு படிவத்தைக் கல்லூரி மாணவன் எடுத்துப்போய் அலமாரியில் வைத்தால் என்ன நட்டம் என்று நினைப்போம். எந்தச் சுவரில், எந்த வரிக்கு மேலே, எந்த வரிக்குக் கீழே கிடந்தது என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. அதைக் குறிக்காமல் எடுத்த கல், ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் இல்லாத பத்திரம் மாதிரி. கையில் இருக்கும், எதையும் நிரூபிக்காது. பிளான்ஃபோர்டும் ஸ்டோலிக்காவும் எழுதியது இன்றைக்கும் செல்லுபடியாகிறது என்றால், இன்ன கல் இன்ன ஊர் ஓரத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான்.

களிமண் நிலம் முடிகிற இடத்தில் நிலம் மேடாக எழும்புகிறது. கொளக்காநத்தம் பக்கம் ஏறும் அந்தக் கரையில் மணற்கல்லும் சிப்பிகள் நெருங்கி இறுகிய சுண்ணாம்புக்கல்லும் தென்படும். மேலே கடினம், கீழே மென்மை என்பதால் மேல்பகுதி விளிம்பு கட்டி நிற்கிறது. இங்கேதான் ஊட்டத்தூர்த் தொகுதி முடிந்து திருச்சிராப்பள்ளித் தொகுதி தொடங்குகிறது என்று மருமகன் செருப்புக் காலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினான். இரண்டு தாலுகாவுக்கு எல்லைக்கல் நட்டவன் நான், ஆனால் இப்படி ஒரு எல்லையில் நின்றதில்லை.

தெற்கே கருடமங்கலம். அங்கே போகவில்லை, கால் ஒத்துழைக்கவில்லை. அந்த ஊர்ச் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி மெருகேற்றினால், கரும்பழுப்புத் தரையில் வெள்ளைச் சிப்பிகள் வெட்டுவாயோடு பூப்போட்ட மாதிரி தெரியும். வெள்ளைக்காரர்கள் இதைத் திருச்சிராப்பள்ளி மார்பிள் என்று சொல்லி மேசைப் பலகையும் காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லும் செய்துகொண்டார்கள். பழைய அலுவலகம் ஒன்றில் அப்படி ஒரு கல்லை நானே பார்த்திருக்கிறேன். அது கடல் என்று யாரும் சொல்லவில்லை.

மேட்டில் ஒரு வேப்பமரத்தடியில் கட்டுச்சோறு தின்றபடி மருமகனோடு கொஞ்சம் வாதாடினேன். சுற்றிலும் கரிசல் நிலம், மக்காச்சோளம் அறுத்து முடிந்திருந்தது. "நீ வேலை பார்க்கிற சுரங்கத்தில் தினமும் எத்தனை லாரி போகுது? அதெல்லாம் இதே சிப்பிதானே?" என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா மாமா. சுண்ணாம்புக்கல்லுன்னாலே சிப்பியும் பவளமும்தான். அதை அரைச்சு, களிமண்ணு சேர்த்து, ஆயிரத்து நானூத்தம்பது டிகிரியில சுட்டு, சிமெண்ட் சீக்கிரம் இறுகாம இருக்கக் கொஞ்சம் ஜிப்சம் கலக்கறோம். எல்லாமே இந்தக் கடலோட சரக்குதான். நீங்க கட்டின வீடும் அதுதான்."

மறுக்க வழியில்லை. 1939-இல் கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை வந்ததிலிருந்து இந்தக் கல்லில்தான் நம் பக்கத்துப் பிழைப்பு ஓடுகிறது. 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயர்ப்பலகையை மாற்றக் கோரிக் கலைஞர் தண்டவாளத்தில் படுத்த ஊரின் அடியிலும் பவளப்பாறைதான் இருக்கிறது. பெயருக்காக நடந்த போராட்டம் நமக்குத் தெரியும், ஊரையே உண்டாக்கிய கல் பற்றித் தெரியாது. சுரங்கம் தோண்டியதால்தான் பல படிவங்கள் வெளிச்சத்துக்கு வந்தன என்பதும் உண்மை. முப்பது அடி ஆழத்துச் சுவரை வேறு யார் நமக்காக வெட்டித் திறந்து காட்டப் போகிறார்கள்? வெட்டுவதற்கும் அரைப்பதற்கும் நடுவே பார்க்கத் தெரிந்த ஒருவர் நின்று குறிப்பெடுக்க அவகாசம் வேண்டும் என்பதுதான் நான் கேட்டது. அவன், "அதுக்குத் தனியா ஆள் போட மாட்டாங்க மாமா" என்றான். பேச்சு அதோடு நின்றது.

குறிப்பு எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. அரியலூர்ப் பக்கம் கள்ளமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1980-களின் பிற்பகுதியில் ஒரு புதிய டைனோசருக்குப் பெயரிட்டார்கள். பிருஹத்காயோசாரஸ். பெருத்த உடல் என்று பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். அந்த அளவு சரியென்றால் உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று நம் செந்துறைச் சாலைப் பக்கம் மேய்ந்திருக்கிறது. ஆனால் எலும்புகள் மண்ணோடு மண்ணாக உதிர்ந்து பாழாகிவிட்டன. மிஞ்சியவை சில படங்களும் அளவுகளும்தான். அது உண்மையில் எலும்பா என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பத்திரம் தொலைந்த சொத்துக்கு வழக்கு நடப்பது போல இன்னும் வாதம் நடக்கிறது.

இதற்கு நேர்மாறான கதை குன்னத்தில் நடந்தது. 2020-இல் அங்கே ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று கைபேசிகளில் படம் பறந்தது. நிலவியல் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் காலத்துக் கடற்படிவு உருண்டை திரண்டது என்று சொன்னார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. கடல் உருண்டை கட்டிக் கிடந்தது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

மாலை மூன்று மணிக்குமேல் சாத்தனூர் ஓடையை எட்டினோம். வழியெல்லாம் வெங்காயக் காடு, கிணற்றடி, பருத்தி. கல்மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், தேசிய நிலவியல் சின்னம் என்ற பலகை இருக்கிறது. 18 மீட்டருக்கு மேல் நீளம். பனைமரம் சாய்ந்து கிடப்பது போல ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறது. பட்டையின் சுருக்கமும் முறிந்த இடத்தில் வயிரமும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் கல். 1940-இல் இதைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சை மண்ணின் மகாராஜபுரத்துக்காரர். பின்னாளில் 1951-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநரானார். நூறாண்டாக வெள்ளைக்காரர்கள் நடந்த நிலத்தில் ஒரு தமிழர் கண்ணுக்கு இந்த மரம் பட்டது.

மரம் இங்கே நின்று வளர்ந்ததல்ல. கரையிலே நின்ற ஊசியிலை மர வகை ஒன்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டு, கடலில் மூழ்கி, சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் நுழைந்து, மரம் இருந்த இடத்தை வடிவம் மாறாமல் பிடித்துக்கொண்டது. வயது 12 கோடி ஆண்டுகள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பாறைத் தொகுதியை வைத்துப் பார்த்தால் ஒன்பது கோடிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றான் மருமகன். எனக்கு மூன்று கோடி முன்னே பின்னே ஆனால் பெரிதாக ஒன்றும் இல்லை. வரகூர், ஆனைப்பாடி, சாரதாமங்கலம் பக்கங்களிலும் இப்படித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

காரையையும் சாத்தனூரையும் ஒரே நாளில் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. மரத்துக்கு வேலி இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார். மரத்தை மூடிய கடலின் சேறுதான் காரையில் திறந்து கிடக்கிறது, அதற்கு எதுவும் இல்லை. 2022-இல் நிலவியல் பாரம்பரிய இடங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு மசோதா வரைவு வெளியிட்டது. அது வரைவாகவே நிற்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் கட்டியது நல்ல காரியம், பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஆனால் பெட்டிக்குள் வைக்க முடிவது கல்லை மட்டும்தான். காரையின் சுவரைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அங்கே யாராவது ஜே.சி.பி. கொண்டுபோய்ச் சமன்படுத்தினால், தரிசைப் பண்படுத்தியதாகத்தான் கணக்கில் ஏறும். தவறென்று சொல்ல எங்கள் பதிவேட்டில் கலம் கிடையாது.

நன்செய், புன்செய், நத்தம், பாறை என்று எத்தனையோ வகை எழுதிய பதிவேட்டில் 'புதைபடிவ நிலம்' என்று ஒரு வரி சேர்க்கப் புதிய சட்டம்கூட வேண்டாம் என்று நினைக்கிறேன். குறிப்புரைக் கலம் ஒன்று கடைசியில் காலியாகவே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிலிருந்து வட்டாட்சியர் வரை அடங்கலைத் திருப்பும்போதெல்லாம் கண்ணில் படும். இதை மனுவாக எழுதி ஆலத்தூர், குன்னம், அரியலூர், செந்துறை வட்டங்களுக்குத் தனித்தனியே அனுப்ப இருக்கிறேன். நம் நண்பர்களில் பழைய நில அளவையர்கள், கர்ணம் குடும்பத்தார் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் சிப்பிக்கல், நத்தைக்கல் கிடக்கிற இடத்தின் சர்வே எண் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். காரைப் பள்ளத்துக்கான எண்களை மருமகனோடு உட்கார்ந்து புலப்படத்தில் குறிக்கத் தொடங்கிவிட்டோம். இதுவரை ஒன்பது எண்கள் ஆகியிருக்கின்றன.